இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

செப்டம்பர் 29, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. கூடத்தில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு அண்டா, ஒன்றுக்குப் பழைய பெயிண்ட் டப்பா. பெட்டியைத் திறந்து ரைஃபிளைத் துடைத்தேன். இந்த ஈரத்தில் ஒரு வாரம் சும்மா விட்டால் துரு ஏறிவிடும்.

வன அலுவலகத்துக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். பஞ்சாயத்துகளில் பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட அனுமதி உள்ளவர்களின் பட்டியலைப் புதுப்பிக்கிறார்களாம், என் பெயரும் அதில் உண்டு. அக்டோபர் 14, காலை பத்து மணி. சொந்தத் துப்பாக்கியோடு வர வேண்டும். கயிற்றில் இழுக்கும் பலகைப் பன்றி. ஐந்து வாய்ப்பு, நாலு பட வேண்டும். இல்லையென்றால் பெயர் போயிற்று.

பதினைந்து நாள்.

எழுத மனம் வராத விஷயம். ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடுகிறேன். ஆகஸ்ட் மாதம், வெள்ளறடை, கிறிஸ்துதாஸின் மரச்சீனித் தோட்டம், அதாவது மரவள்ளிக் கிழங்கு. ஆபீசில் பத்தொன்பது வருஷமாக என் பக்கத்து மேஜைக்காரர் அவர். இனி கி.தா. என்றே எழுதுகிறேன். விடியற்காலை. பன்றி வந்தது, சுட்டேன். பின்காலில் பட்டது, திரும்பிப் பாய்ந்தது. அடுத்த குண்டை ஏற்ற போல்ட் என்கிற கைப்பிடியை இழுக்க வேண்டும். போல்ட் துப்பாக்கியின் வலப்பக்கம். நான் சுடுவது இடது தோளில். தோளிலிருந்து இறக்கி, குறுக்கே கையை விட்டு இழுத்து, மறுபடி தோளில் ஏற்றுவதற்குள் அது வரப்பில் நின்ற கி.தா. மேல் விழுந்துவிட்டது. அவருடைய வலது கை. தோளிலிருந்து முழங்கை வரை கிழித்துப் போட்டது.

துப்பாக்கி வலக்கைக்காரனுக்காகச் செய்தது. அதுதான் காரணம். வன அலுவலகத்து ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

வழிகள்:
1. இடப்பக்கம் போல்ட் வைத்த புதுத் துப்பாக்கி. விலை? விசாரிக்க.
2. இருப்பதையே என் கைக்கு மாற்றிக் கட்டுவது.
3. இதை விற்று இரட்டைக்குழல். அதில் போல்ட்டே இல்லை, எந்தக் கைக்கும் ஒன்றுதான். ஆனால் தூரத்துக்கு ஆகாது.
4. வலது தோளுக்குப் பழகுவது. வலது கண் அரைப் பார்வை. பேச்சே வேண்டாம்.

பணம்: கூரை ஓடு மாற்ற ஒதுக்கியது இருக்கிறது. மனைவி கோமதியிடம் கேட்க வேண்டும். நாளைக்கு.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்றுக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை காப்பியோடு கேட்டுவிட்டேன்.

"கூரைக்கு வெச்ச பணத்தை எடுத்து அந்தச் சனியனுக்குக் கொட்டணுமா? மழைல உக்காந்து பூஜை பண்றேனே, அது தெரியலையா?" என்றாள் கோமதி. ஆபீசுக்குக் கிளம்பும்போது அவளே, "பாதி எடுத்துக்கோங்கோ. பாதிக்கு மேல ஒரு காசு கேக்கப்படாது, சொல்லிட்டேன்."

ஆக, வழி 1 அங்கேயே செத்தது. இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரைஃபிளை எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போய்க் கேட்டேன். வர்கீஸ் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"லெஃப்ட் போல்ட்டா? அது வெளிநாட்டு சாதனம் சாமி. இவிடெ கிட்டாது. கிட்டினாலும் ஒரு காரு விலை வரும்."

"இருக்கறதுல போல்ட்டை இந்தப் பக்கம் மாத்தப்படாதோ?"

"இரும்புல நான் கை வைக்க மாட்டேன். பின்னே லைசென்சும் போவும், சாமியோட மண்டையும் போவும்."

பத்து நிமிஷம் வாதாடினேன். அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரும்பு அப்படியே இருக்கட்டும், மரத்தை மாற்றலாம். தோளில் பதிகிற கட்டை என் உயரத்துக்கும் என் கன்னத்துக்கும் சரியாக இருந்தால் துப்பாக்கி தோளிலேயே நிற்குமாம். இறக்காமல் வலது கையாலேயே போல்ட்டை இழுத்துக்கொள்ளலாமாம். முன்பக்கம் ஒரு தாங்கல் இருந்தால் போதும்.

"மரம் செதுக்க நம்ம கையில ஆளு இல்ல. நல்ல ஆசாரியைப் பிடிங்க. பழைய கட்டையை அளவுக்குக் கொண்டு போகலாம். துப்பாக்கி இவிடெத்தான் இருக்கும், அதுக்கு ரசீது தரேன். தேக்கு வேண்டா. மகாகனி மதி, அது போதும்."

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பையில் கழற்றிய கட்டை. பக்கத்தில் நின்றவர், "கிரிக்கெட் பேட்டா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. மழை இல்லை, புழுக்கம். கூடத்தில் பழுப்புக் காகிதத்தை விரித்துக் கட்டையை வரைந்தேன். மூன்று மணி நேரம். கன்னம் பதிவதற்குக் கட்டையில் ஒரு மேடு உண்டு. வலக்கைக்காரனுக்கு அது கட்டையின் இடப்பக்கம் இருக்கும். எனக்கு வலப்பக்கம் வேண்டும். அம்புக்குறி போட்டு, பெரிதாக "மேடு வலப்பக்கம்" என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடு.

வரைவது இடது கை. எழுதுவது வலது கை. வரைகிற கையை யாரும் கவனிக்கவில்லை, அதனால் தப்பித்தது. எழுதுகிற கையும் சாப்பிடுகிற கையும் தப்பவில்லை. ஐந்து வயதில் இலை முன்னால் உட்காரும்போது இடது கையை இடுப்புத் துண்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சாதம் மூக்கில் ஏறும். தெருவில் அத்தனை பேரும், "பீச்சாங்கை, பீச்சாங்கை." ரைஃபிள் கிளப்பில் முதல் நாள் துப்பாக்கியைக் கையில் தந்தார்கள், அது தானாக இடது தோளுக்குப் போயிற்று. கட்டிப்போட அங்கே ஆள் இல்லை.

மத்தியானம் கி.தா. போன்.

"சாமி, அந்தப் பன்னி சாகல்ல கேட்டீங்களா. மூணு காலுல நொண்டிக்கிட்டு நேத்தும் வந்துச்சு. பத்து மூடு மரச்சீனியை வேரோட தோண்டிப் போட்டுச்சு."

"கை எப்படி இருக்கு?"

"கையி அப்படியே தொங்குது. வெரலு மடங்க மாட்டேங்குது. அதை விடுங்க. நீங்க எப்ப வாறீங்க?"

பதினாலாம் தேதி பட்டியலில் பெயர் வந்ததும் வருகிறேன், இந்தத் தடவை துப்பாக்கி என் கைக்குச் சரியாக இருக்கும் என்றேன்.  "செரி சாமி" என்று போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். கோமதி மூன்று படி கொலு வைத்திருக்கிறாள். ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே செட்டியார் பொம்மை. நகர்த்தச் சொன்னால், "ஓடு மாத்தியிருந்தா நகர்த்த வேண்டாம்" என்கிறாள்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு. ஆசாரி சுகுமாரன், ஆற்றங்கரைப் பக்கம் பட்டறை. கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை எல்லாம் செய்கிறவர். நல்ல கை. பழைய மகாகனி மேஜை ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார், அதன் பலகை நல்ல கனம். காகிதத்தையும் பழைய கட்டையையும் கொடுத்தேன். அரை மணி நேரம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். டீ வாங்கித் தந்தார். குடித்தேன். முன்பணத்துக்கு அவருடைய நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

"ஒம்பதாம் தேதி தரேன் சாமி. கவலைப்படண்டா."

தெருமுனையில் இரண்டு மாமாக்கள். என்னைக் கண்டதும் குரலைத் தணிக்கவில்லை, அதுதான் எரிச்சல். "கரமனை அக்ரஹாரத்துல பன்னி சுடற பிராமணன்! நன்னா இருக்கு." "சுட்டா சரிதான் ஓய். பன்னிக்கு வெச்சது மனுஷாளுக்குன்னா படறது."

படவில்லை. குண்டு மனுஷன் மேல் படவே இல்லை. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பதில் தோன்றியது.

அக்டோபர் 7, திங்கள்

ஆசாரிக்கு இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

ஆபீசில் கி.தா.வின் மேஜை மேல் மற்றவர்களின் ஃபைல்கள் ஏறிவிட்டன. எடுத்து வைத்தேன். டைப்பிஸ்ட் கேட்டாள், "துப்பாக்கி ரைட் ஹேண்டா இருந்ததாலதானே சார் அப்படி ஆச்சு?" ஆமாம் என்றேன். நானே பரப்பிய கதைதான், இன்று கேட்கும்போது என்னவோ போலிருந்தது.

வாங்க வேண்டியது: துணி, எண்ணெய், கோமதிக்குச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை.

அக்டோபர் 9, புதன்

பட்டறைக்குப் போனேன். பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், "ஆசாரி கல்யாணத்துக்குப் போயி. நாளைக்கு உறப்பா வரும்" என்றார். உறப்பாக, அதாவது நிச்சயமாக வருமாம். யார் நிச்சயம் என்று சொன்னாலும் எனக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

ஐந்து நாள்.

அக்டோபர் 10, வியாழன்

பென்சில் முனை இரண்டு தடவை உடைந்துவிட்டது. கோபத்தில்தான்.

சாயங்காலம் நாலரைக்குப் பட்டறை. கட்டை தயார். முதலில் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. அவ்வளவு நேர்த்தி. மெழுகு போட்டு, ஓரம் இழைத்து, மேஜையாக இருந்த மரம் என்று யாரும் சொல்ல முடியாது. எடுத்துத் தோளில் வைத்தேன். கன்னம் காற்றில் நின்றது. மேடு அந்தப் பக்கம் இருக்கிறது! பழைய கட்டையில் எப்படியோ அப்படியே, இடப்பக்கம். அச்சு அசல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி.

"நான் வலப்பக்கம்னு எழுதித் தந்தேனே! அடியிலே கோடு கூடப் போட்டிருக்கேனே!"

சுகுமாரன் பதறவில்லை. நிதானமாகப் பதில் சொன்னார். "பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு சாமி. பழைய கட்டையில வேற மாதிரி இருந்துச்சு. சாமி டீ குடிச்சது வலக்கை. ஒப்பு போட்டதும் வலக்கை. அப்போ பேப்பர் தெத்திப்போச்சு, தப்பா எழுதிட்டீங்கன்னு நான் நெனச்சேன். சரியாக்கித் தந்தேன்."

சரியாக்கித் தந்தாராம். ஐந்து வயதிலிருந்து எல்லோரும் என்னைச் சரியாக்கித் தந்துகொண்டே இருக்கிறார்கள்.

கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது மாற்றித் தரச் சொன்னேன். அவர் மூலையைக் காட்டினார். உளி, இழைப்புளி, சுத்தியல் எல்லாம் கழுவிச் சந்தனம் வைத்துப் பட்டுத்துணி மேல் வரிசையாக. இன்று சாயங்காலம் பூஜைவைப்பு. இனி விஜயதசமி காலை பூஜை எடுத்த பிறகுதான் உளியைத் தொடுவார். விஜயதசமி ஞாயிறு. திங்கள் பத்து மணிக்கு நான் மைதானத்தில் நிற்க வேண்டும். புதிதாகப் பலகை அறுத்துச் செதுக்க மூன்று நாளாவது ஆகும்.

"என் தப்புதான் சாமி, மீதிக் காசு வேண்டா" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்டவும் முடியவில்லை.

இரண்டு கட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் கோமதி அரிவாள்மணை, என் பேனா, சமையல் கத்தி எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அந்தக் கட்டையையும் வைங்கோ. ஆயுதம்தானே." வைத்தேன். இரண்டில் எது பழையது, எது புதியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேனாவும் பூஜையில். இதைப் பென்சிலால் எழுதுகிறேன். எழுதவே கூடாது. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

அக்டோபர் 12, சனி

வெள்ளறடைக்குப் பஸ். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். துப்பாக்கி தயாராகவில்லை, ஆசாரி கெடுத்துவிட்டான், பதினாலாம் தேதி போவது வீண், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

போனபோது கி.தா. சாப்பாட்டு மேஜையில். மரச்சீனி வேகவைத்தது, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தி, நம் துவையல் மாதிரி. அவர் மனைவி ரோஸ்லின் பிசைந்து வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இப்படிப் பார்க்கப்படுவது எப்படி இருக்கும்.

"எடது கையால தின்னச் சொன்னா தின்ன மாட்டேங்காரு சாமி" என்றாள் ரோஸ்லின். "ரெண்டு மாசமா இப்படித்தான். நீங்களாவது சொல்லுங்க."

"எடது கையி கழுவுற கையி. அதால தின்னு நமக்குப் பழக்கம் இல்ல" என்றார் அவர்.

நான் ஆசாரிக் கதையை ஆரம்பித்தேன். மேடு, காகிதம், டீ, கையெழுத்து, பூஜை, எல்லாம். வலக்கைத் துப்பாக்கி இடக்கைக்காரனை எப்படி வஞ்சிக்கும் என்று மேஜை மேல் கையால் வரைந்துகூடக் காட்டினேன். எத்தனை பேரிடம் சொன்ன கதை, தடங்கல் இல்லாமல் வருகிறது. அவர் முழுவதும் கேட்டார்.

பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், "ஒண்ணு கேக்கட்டா சாமி? மொதல் குண்டுக்கு வலதும் எடதும் உண்டுமா?"

மேஜை மேல் வரைந்துகொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

முதல் குண்டு ஏற்கெனவே குழலில் இருந்தது. போல்ட்டைத் தொடவே தேவையில்லை. விசையை இழுத்தால் போதும். பன்றி பாதி வாழைக்குப் பின்னால் நின்றது. இன்னும் நாலு அடி வந்திருந்தால் முழு விலாவும் தெரிந்திருக்கும். பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. ஓடிவிடுமோ என்ற அவசரம், கி.தா. முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும் என்ற ஆசை. பின்பாகம் தெரிந்தது, இழுத்துவிட்டேன். எந்தத் தோளில் வைத்துச் சுட்டிருந்தாலும் அந்தக் குண்டு அங்கேதான் போயிருக்கும்.

"இல்லை" என்றேன். "அது என் தப்பு. நான்தான் அவசரப்பட்டேன்."

"நானும்தான் வரப்புல ஏறி நின்னேன். நிக்காதீங்கன்னு நீங்க சொல்லியிருந்தீங்க" என்றார்.

ரோஸ்லின் எழுந்து உள்ளே போய்விட்டாள். மேஜையில் கிண்ணமும் நாங்களும்தான். பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் நான் பால் விடாத கட்டன் சாயாவும் வாழைப்பழமும் தவிர எதையும் தொட்டதில்லை. இன்னொரு தட்டை இழுத்து மரச்சீனி எடுத்து வைத்துக்கொண்டேன். இடது கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தக் கையால் பிட்டுச் சம்மந்தியில் தொட்டு வாயில் போட்டேன். ஐந்து வயதுக்குப் பிறகு முதல் தடவை. கை மறந்திருக்கிறது. பாதி சட்டையில் விழுந்தது, மிளகாய் மூக்கில் ஏறியது, கண்ணில் நீர்.

கி.தா. சிரித்துவிட்டார். "சாமிக்கே வர மாட்டேங்குதே."

"அதனாலதான் சொல்றேன். ரெண்டு பேரும் சேந்து பழகலாம்."

கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய இடது கை மேஜை மேல் வந்தது. முதல் துண்டு கீழே விழுந்தது. இரண்டாவது வாய்க்குப் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் சட்டை முழுக்க மிளகாய்க் கறை. கோமதி கேட்டால் என்ன சொல்வது? உள்ளதைச் சொன்னேன். குளித்துவிட்டு வரச் சொன்னாள், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு. விஜயதசமி

பூஜை எடுத்தாயிற்று. தாம்பாளத்தில் அரிசி பரப்பி எழுதினோம். வலது விரல்தான் போயிற்று. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். ஐம்பது வருஷப் பழக்கம் ஒரு தட்டு மரச்சீனியில் போய்விடுமா.

வர்கீஸைக் கெஞ்சிக் கடையைத் திறக்க வைத்து, துப்பாக்கியில் பழைய கட்டையையே மாட்டி வாங்கிவந்தேன். புதுக்கட்டையை அவர் தடவிப் பார்த்தார். "இது எத்தர நல்ல பணி! வலக்கைக்காரன் எவனாவது வந்தா வித்துத் தரட்டா?" கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் யோசித்தது: இடக்கைத் துப்பாக்கி எதற்கு வேண்டும்? இரண்டாவது குண்டுக்கு. இரண்டாவது குண்டே இல்லை என்று வைத்துக்கொண்டால்? ஒரு குண்டு மட்டும் ஏற்றுவது. அது விழும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சுடுவது. இல்லையென்றால் பன்றி போகட்டும். இதற்குக் காகிதமும் வேண்டாம், ஆசாரியும் வேண்டாம், கூரைப் பணமும் வேண்டாம். பதினைந்து நாள் அலைந்ததற்கு முதல் நாளே உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசித்தால் அந்த வாழை மரம் ஞாபகம் வந்திருக்கும். அதனால்தான் அலைந்தேன்.

பணத்தில் முன்பணம் போக மீதியைக் கோமதியிடம் திருப்பித் தந்தேன். எண்ணிப் பார்க்காமல் டப்பாவில் போட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. மைதானத்தில் பன்னிரண்டு பேர். என் முறை ஏழாவது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குண்டு ஏற்றினேன். அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் பலகை, பட்டது. இரண்டாவது, பட்டது. மூன்றாவது வேகமாக வந்தது, பாதி புல்லுக்குப் பின்னால். பின்பாகம் மட்டும் தெரிந்தது. விரல் விசையில் இருந்தது. சுடவில்லை. நான்காவது பட்டது, மூன்றிலும் நல்லது. ஐந்தாவதும் புல்லுக்குப் பின்னாலேயே போய்விட்டது. சுடவில்லை.

"எந்தா சாமி, ரெண்டு விட்டது? டைம் உண்டாயிருந்நல்லோ" என்றார் அதிகாரி. நேரம் இருந்ததே என்று கேட்கிறார்.

"உறப்பில்லாயிருந்நு" என்றேன். படும் என்ற நிச்சயம் இல்லை.

அவர் குறித்துக்கொண்டார். சுடாததும் தவறியதாகத்தான் கணக்காம். நாலு வேண்டும், எனக்கு மூன்று. பட்டியலில் பெயர் இல்லை. ஜனவரியில் மறுபடி வரலாம். வெள்ளறடைக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து வேறு ஆள் போவார்.

எரிச்சல்தான். வாசலில் நின்று கி.தா.வுக்கு போன் செய்தேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுக்கும்போது போன் கீழே விழுகிற சத்தம், பிறகு குரல்.

"எடது கையில எடுத்தேன் சாமி, நழுவிப்போச்சு. சொல்லுங்க."

சொன்னேன். மூன்று பட்டது, இரண்டு சுடவில்லை, பெயர் போயிற்று.

"அந்த ரெண்டும் ஏன் சுடல்ல?"

"பாதிதான் தெரிஞ்சது."

அந்தப் பக்கம் அவர் ரோஸ்லினிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கெழம வாங்க சாமி. பன்னி வச்ச மிச்சம் மரச்சீனி இருக்கு. பழைய சட்டை போட்டுட்டு வாங்க."